மூடி மாப்பிள்ளை கர்னல் கட்டின கதை

“மவுஸ் மேல ஒரு தப்பும் இல்ல அத்தை! தப்பு கர்னல் மேல! அது தெரியாம தூக்கிப் போடு, தூக்கிப் போடுன்னு நின்னா நான் என்னதான் பண்றது?”

என் மாப்பிள்ளை என்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்கு ஒரு நாள்தான். நான் சும்மா விடுவேனா?

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்கு. கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டான் மாப்பிள்ளை. அதை ஒத்துக்கிட்டா உங்க மீசை ஒண்ணும் உதிர்ந்துடாது.”

“எனக்கு மீசையே இல்ல அத்தை.”

“அதான் உதிராதுன்னேன்.”

என் மகள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். சிரித்த குலுக்கலில் வலது கை மேஜை ஓரத்தில் பட்டுவிட்டது. “அம்மா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடினோம். அந்தக் கைக்காகத்தானே சண்டையே.

அவள் துணி கம்பெனியில் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவள். பூவோ பறவையோ, கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து, எந்தத் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால், மெஷின் அதைப் பார்த்துத் தைக்கும். நாள் பூராவும் மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கிப்போனது. டாக்டர் பட்டை போட்டுக் கட்டிவிட்டு, “மணிக்கட்டு அசையக் கூடாது. விரல் மட்டும் அசையிற மாதிரி வேலை இருந்தா செய்யுங்க, இல்லைன்னா விட்டுடுங்க” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்படி விரல் மட்டும் அசைந்தால் போதும் என்கிற ஒரு மவுஸைத்தான் மாப்பிள்ளை தேடிப் பிடித்து வாங்கிவந்தார். நடுவில் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை. மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், உருண்டையை விரலால் உருட்டினால் திரையில் அம்பு ஓடும். ஒயர் கிடையாது. மடியில் தலையணை வைத்து, அதன்மேல் மவுஸை வைத்து, கையைத் தொங்கவிடாமல் சாய்ந்து உட்கார்ந்து வேலை செய்யலாம். நகத்தளவு ஒரு ரிசீவரைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டால் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

பேசிக்கொண்டனவா? அம்பு மேலே போனது, கீழே வந்தது. இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு நூல் நகரவில்லை. லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஏறி இறங்குகிற கோட்டை வைத்துக்கொண்டு முயல் வரைய முடியுமா?

ஆமாம், முயல்தான். குழந்தைகள் போடுகிற இரவுச் சட்டையில், நெஞ்சுப் பக்கம், கேரட் தின்கிற முயல். பெரிய ஆர்டர். திங்கட்கிழமை காலையில் டிசைன் வந்தாக வேண்டும் என்று சூப்பர்வைசரம்மா போனில் சொல்லிவிட்டாள். “உன் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா நாற்காலி சும்மா இருக்க முடியாதில்ல? நீ முடிக்கலைன்னா புதுசா வந்த பொண்ணை உட்கார வச்சிடுவேன். உனக்கு நூல் வெட்டுற மேஜையில இடம் போட்டுத் தர்றேன்.”

நூல் வெட்டுகிற மேஜை என்றால், தைத்து வருகிற சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற இடம். என் மகள் பாவாடை சட்டை வயசு தாண்டியதும் முதலில் போய் நின்றது அங்கேதான். அங்கிருந்து தையல் மெஷினுக்கு வந்து, அங்கிருந்து டிசைன் நாற்காலிக்கு வந்தவள். வீங்கிய கையோடு கத்தரிக்கோல் பிடிக்கத் திரும்பிப் போவதா? அவள் அழவில்லை. ஆனால் போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை இடது கையால் கழுவிக் கவிழ்த்தாள் பாருங்கள், அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கும் தெரிந்தது. அதனால்தான் அந்தக் கத்தல்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதே கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். நூல்கண்டு, பொத்தான், ஜிப், ஊசி, எண்ணெய் எல்லாம் அவர் பொறுப்பு. தெருவில் அவருக்கு ‘மூடி’ என்று பேர். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மூடுவார். பேனா மூடி, எண்ணெய்ப் பாட்டில் மூடி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடி. எங்கள் வீட்டில் பெண் கேட்க வந்த அன்றைக்கு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய் அடுக்களையில் திறந்து கிடந்த சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்னடி இது, என் வீட்டுக்கு வந்து என் டப்பாவை மூடுறான்?” என்று மகளிடம் சீறினேன். அவள், “எறும்பு வரும்ல அம்மா” என்றாள். அப்போதே முடிவாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

செத்தவரைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது. என் வீட்டுக்காரர் வாழ்ந்த வரைக்கும் ஒரு மூடியை மூடியவர் இல்லை. கதவையும் மூட மாட்டார், வாயையும் மூட மாட்டார். அவர் போன பிறகு இந்த மனிதர் எங்களோடு வந்து தங்கினார். வீடே அமைதியாகிவிட்டது. டப்பாவைத் திறக்கத்தான் எனக்குக் கையில் பலம் போதவில்லை, அவ்வளவு இறுக்கி மூடுவார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் பழக்கம் ஆனதே ஒரு உடைந்த ஊசியால்தான். துணி கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் பொறுக்கி, ஒரு தாளில் ஒட்டி, ஸ்டோரில் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் கிடையாது. குழந்தைச் சட்டைக்குள் அது ஒளிந்துகொண்டு போனால் என்ன ஆவது? அன்றைக்கு என் மகளின் ஊசி முனை காணவில்லை. அவள் ஸ்டோர் ஜன்னலில் போய், “எங்கயோ விழுந்துடுச்சு சார், ஊசி குடுங்க” என்றாள். “எங்கயோங்கிறது ஒரு இடம் இல்லைங்க” என்றாராம் இவர். பெரிய காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, மெஷின் வரிசைக்கு அடியில் முழங்கால் போட்டுத் தவழ்ந்தார். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் முனை அவள் செருப்பின் அடியில் குத்திக்கொண்டு இருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி, அதைப் பிடுங்கி, தாளில் ஒட்டி, புது ஊசி கொடுத்து, பெட்டியை மூடிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவள் முகத்தைப் பார்த்தேனே. ஊசி செருப்பில் மட்டும் குத்தவில்லை.

கம்ப்யூட்டர் கதையும் அந்த ஸ்டோரிலிருந்து வந்ததுதான். ஆபீஸுக்குப் புதுசு வந்தபோது பழைய பெட்டிகள் டிசைன் ரூமுக்குப் போயின. ஒன்று மிச்சமாகி எங்கள் வீட்டுக்கு வந்தது. கீபோர்டையும் மவுஸையும் வட்ட முனை ஒயரால் சொருகுகிற காலத்துப் பெட்டி. எல்லோரும் போடுகிற சிஸ்டத்தைப் போட்டால் அது எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்று இவர் எங்கேயோ படித்தார். பிரித்துப் பார்க்கலாம் என்றால் போதாதா? டிசைன் ரூம் பெட்டிகளுக்கும் அவர்தான் அதைப் போட்டுக் கொடுத்தார். பிரித்ததைத் திரும்ப மூடிவிடுவார் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

சண்டை ஆறியபின் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“சரி, சொல்லுங்க. கர்னல் கர்னல்னு குதிக்கிறீங்களே, யாரு அவரு? பட்டாளத்துக்காரரா?”

“இல்ல அத்தை. கம்ப்யூட்டருக்கு நடுவுல இருக்கிற ஆளுன்னு வச்சுக்கங்க. கீபோர்டு, திரை, மவுஸ், யாரு எது சொல்லணும்னாலும் இவர்கிட்டதான் சொல்லணும். இவருதான் கேட்டு உள்ள அனுப்புவாரு.”

“இந்த உருண்டை சொல்றதை மட்டும் ஏன் கேட்க மாட்டேங்குறாரு?”

“மவுஸைச் சொருகினதும் அது முதல்ல தன்னைப் பத்திச் சொல்லும். எனக்கு இத்தனை பொத்தான், நான் இப்படி இப்படி நகருவேன்னு. இது அதைக் கொஞ்சம் தப்பா சொல்லுது. பக்கவாட்டுல போறதைப் பத்தின கணக்கு இடம் மாறியிருக்கு. அதனால கர்னலுக்கு அந்தப் பாதி புரியல.”

“அப்ப தப்பு மவுஸ் மேலதானே?”

மனிதர் டீயை ஒரு வாய் குடித்தார். யோசித்தார்.

“தப்புன்னு சொல்ல முடியாது அத்தை. அதுக்குப் பேசத் தெரியல. கர்னல் கொஞ்சம் பொறுமையா கேட்டிருக்கலாம்.”

இதுதான் மாப்பிள்ளை. வாய் பேசாத சாமானைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

“என்னங்க, கடைசியில இதுக்கு வழி இருக்கா இல்லையா?” என்றாள் என் மகள்.

இருந்தது. எங்கேயோ ஒரு ஆள் இதே மவுஸை வாங்கி, இதே மாதிரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் சும்மா இல்லாமல், மவுஸ் அப்படித் தப்பாகச் சொன்னால் இப்படித் திருத்திக் கேட்டுக்கொள் என்று கர்னலுக்குச் சில வரிகள் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். அதற்குப் பேர் பேட்ச். கர்னலின் மூல எழுத்தை இறக்கி, அதில் இந்த ஒட்டைப் போட்டு, முழுவதையும் நம் பெட்டியிலேயே திரும்பக் கட்ட வேண்டும். அதைக் கம்பைல் என்கிறார்கள்.

“முகம் தெரியாதவன் எழுதினதை நம்பி நம்ம பெட்டியைப் பிரிக்கணுமா?” என்றேன்.

“முகம் தெரியாதவங்க போடுற சட்டையைத்தானே நாங்க தைக்கிறோம்” என்றாள் மகள். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பதில் இருந்தால் விட்டிருப்பேனா?

ஒட்டு அவ்வளவு சுலபமாக ஒட்டவில்லை. அந்த ஆள் எழுதியது வேறு கர்னலுக்கு. எங்கள் பெட்டியில் இருந்தது கொஞ்சம் பழையது. மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டது, நாலாவது இடத்தில் மாட்டேன் என்று அந்தத் துண்டை மட்டும் தனியாகத் தள்ளிவைத்துவிட்டது. மாப்பிள்ளை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாய் அதன் முன்னால் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். என் மகள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது. ஆனால் ஒட்டு தெரியும்.

“மேல இருக்கிற வரியும் கீழ இருக்கிற வரியும் பார்த்துத்தானே அது இடம் கண்டுபிடிக்குது?”

“ஆமா.”

“நம்ம துணி வேற அளவு. இவரு ஒட்டு வெட்டினது வேற அளவு. அந்த ரெண்டு வரியும் நம்மதுல எங்க இருக்குன்னு தேடுங்க. அங்க கையால வச்சுத் தைங்க.”

தேடினார். நாலு விரற்கடை கீழே இருந்தது. கையால் அடித்துச் சேர்த்தார். “நீ டிசைன் ரூம்ல இருக்க வேண்டியவளே இல்லடி” என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். நான் பார்த்தேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே பார்த்தேன்.

அடுத்து கட்ட ஆரம்பித்தால், பெட்டி திணறியது. கர்னல் மூலத்தில் உலகத்தில் இருக்கிற அத்தனை சாமானுக்கும் பாடம் எழுதி வைத்திருக்கிறார்களாம். நாம் கண்ணால் பார்க்காத மெஷின், நாம் வாங்கவே முடியாத கேமரா, எல்லாவற்றுக்கும். அத்தனையையும் கட்டிக்கொண்டே போய், பாதியில் “இடம் இல்லை” என்று நின்றுவிட்டது. கல்யாண வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி பெட்டிக்குள் உட்கார இடம் இல்லை. சனிக்கிழமை அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை குளித்து, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, ஸ்டோருக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். ஒரு வழி கிடைத்துவிட்டதாம். ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் கர்னல் நம் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, இப்போது எது எது வேலையில் இருக்கிறதோ அதை மட்டும் பட்டியல் போடும். மற்றதை எல்லாம் விட்டுவிட்டுக் கட்டும். சீக்கிரம் முடியும், இடமும் கொஞ்சம்தான்.

“நேத்தே இதைப் பண்ணியிருக்கலாமே” என்றேன்.

“நேத்து தெரியாது அத்தை.”

“ஒத்துக்கிட்டீங்களே, சந்தோஷம்.”

கட்டளையைக் கொடுத்தார். கட்ட ஆரம்பித்தது. திரையில் எழுத்து அருவி மாதிரி இறங்கியது. பெட்டியின் பின்னால் இருந்த ஃபேன், மேடு ஏறுகிற பஸ் மாதிரி உறுமியது. அனல் காற்று வந்தது. நான் என் ஈரக் கைக்குட்டையை அதற்கு நேரே நாற்காலி முதுகில் போட்டேன், மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அந்த வாரம் அந்தப் பெட்டி செய்த முதல் உருப்படியான வேலை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே முடிந்தது. பழைய கர்னலையும் அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதியதைச் சொல்லிப் பெட்டியை எழுப்பினார். அடேயப்பா, எழுந்த வேகம்! கொட்டாவி விட்டு எழுகிற பெட்டி, பால்காரன் மணி கேட்டவள் மாதிரி எழுந்துவிட்டது. என் மகள் மடியில் தலையணையை வைத்தாள். மாப்பிள்ளை ரிசீவரைச் சொருகினார். அவள் விரலை உருண்டைமேல் வைத்தாள்.

உருட்டினாள்.

அம்பு அசையவில்லை. பக்கவாட்டில் மட்டுமில்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. செத்த ஈ மாதிரி நடுவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“முன்னாடி பாதி உயிராச்சும் இருந்துச்சே!” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை மறுபடி சொருகினார். வேறு ஓட்டையில் சொருகினார். சுவர்க் கடிகாரத்தில் இருந்த பேட்டரியைப் பிடுங்கி மவுஸில் போட்டார், கடிகாரம் நின்றதுதான் மிச்சம். ஒட்டு போட்ட இடத்தைத் திறந்து பார்த்தார், நாலும் இருந்தது. பழைய கர்னலில் எழுப்பினார், அம்பு ஒழுங்காக ஏறி இறங்கியது. புதியதில் எழுப்பினார், செத்த ஈ. நெற்றி வேர்த்துவிட்டது. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, எண்ணெய்ப் பாட்டில் மூடி கழன்று தரையில் கிடந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். எனக்கே பயம் வந்துவிட்டது.

“விடுங்க” என்றாள் என் மகள். “நூல் வெட்டுற மேஜையில ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கிக்கிறேன். காத்து வரும்.”

“சும்மா இரு.”

“சும்மாதான் இருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேட்கவா?”

“கேளு.”

“காலையில அது சுத்திப் பார்த்துப் பட்டியல் போட்டுச்சே, எது எது வேலையில இருக்குன்னு. அப்ப இந்த ரிசீவர் எங்க இருந்துச்சு?”

“எங்க இருக்கும்? அதோட இடத்துல இருந்துச்சு.”

“எது அதோட இடம்?”

மாப்பிள்ளை மவுஸைத் திருப்பிப் பார்த்தார். அதன் வயிற்றில் ரிசீவரை வைக்க ஒரு சின்னப் பள்ளம், அதற்கு ஒரு சின்ன மூடி. தொலைந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு தடவை எழும்போதும் ரிசீவரைப் பிடுங்கி, அதற்குள் வைத்து, மூடியை டக்கென்று மூடுகிறவர் அவர் ஒருத்தர்தான்.

“ஸ்டாக் எடுக்கிற அன்னைக்கு அலமாரியில இல்லாத சாமான் கணக்குல வருமாங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“வராது” என்றார். அந்தச் சின்ன மூடியை விரலால் தடவினார். “நானே எழுத மாட்டேன்.”

கீபோர்டும் பழைய மவுஸும் வட்ட முனைச் சாமான். புது மாதிரி ஓட்டையில் சொருகுகிற மவுஸ் அந்த நேரம் ஒன்றுமே இல்லை. கர்னல் சுற்றிப் பார்த்தது. இந்த வீட்டில் அப்படிப்பட்ட மவுஸே கிடையாது போல என்று, அதைக் கேட்கிற காதையே வைக்காமல் தன்னைக் கட்டிக்கொண்டது. ஒட்டு போட்ட பாடமும் அதோடு சேர்ந்து வெளியே நின்றுவிட்டது. அத்தனை பாடுபட்டுத் தைத்த பாக்கெட்டைச் சட்டையில் வைக்காமல் விட்ட மாதிரி.

நான் வாயைத் திறந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை எடுத்து விடலாம் என்று. அதற்குள் மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நாற்காலியிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நானே மூடிட்டேன் அத்தை, நானே மூடிட்டேன்” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் மகள் பட்டை போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் வந்து, “என்னக்கா, என்ன விசேஷம்?” என்றாள். “எங்க மாப்பிள்ளை தோத்துட்டாரு, அதைக் கொண்டாடுறோம்” என்றேன்.

சிரித்து முடித்து, ரிசீவரைச் சொருகி, மறுபடி கட்டளை கொடுத்தார். சொருகிய இடத்துக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி உறுமியது. நாங்கள் சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம், நான் கொஞ்சம் கண் அசந்தேன். வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

எழுப்பினார். அவள் உருட்டினாள்.

அம்பு இடது பக்கம் போனது.

அவள் வலது பக்கம் உருட்டினாள். போனது. சாய்த்து உருட்டினாள், சாய்ந்து போனது. அப்புறம் வட்டம். பெரிய வட்டம், சின்ன வட்டம், வட்டத்துக்குள் வட்டம், திரை பூராவும் கோலிக்குண்டு கொட்டிய மாதிரி. மணிக்கட்டு தலையணைமேல் தூங்கிக்கொண்டிருந்தது. விரல் மட்டும் ஓடியது.

“வலிக்குதா?” என்றார்.

“இல்லீங்க.”

“உண்மையைச் சொல்லு.”

“இல்லைன்னா இல்ல. தள்ளுங்க, முயலுக்கு நேரமாச்சு.”

முதலில் காது வந்தது. அப்புறம் முதுகு. நான் பக்கத்தில் போய் நின்றேன். “நீயும் ஒரு தடவை உருட்டும்மா” என்றாள். எனக்கெதற்கு என்றேன். விடவில்லை. விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். திரையின் ஓரத்தில் ஒரு கோணல் கோடு விழுந்தது. அழிக்கச் சொன்னேன். அவள் அழிக்கவில்லை. அதைப் பிடித்துத் திருப்பி, கேரட்டுக்குத் தலையில் இலையாக வைத்துவிட்டாள். எத்தனை குழந்தை நெஞ்சில் அந்த இலை இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை சூப்பர்வைசரம்மா முயலை மெஷினில் தைத்துப் பார்த்துவிட்டு, மகளை அவள் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். புதுசாக வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் வேறு நாற்காலி போட்டார்கள். அப்புறம் அந்த அம்மா மெதுவாகத் தன் சட்டைக் கையை ஏற்றி, மணிக்கட்டைக் காட்டினாளாம். “எனக்கும் இங்கதான் வலிக்குது. அந்த உருண்டை எங்க கிடைக்கும்?” என்றாள். பார்த்தால் டிசைன் ரூமில் கை வலிக்காத ஆள் ஒருத்தர் இல்லை. பெட்டிகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டியின் உடன்பிறப்புகள். மாப்பிள்ளை கட்டிய கர்னலை அப்படியே கொண்டுபோய் வைத்தால் போதும். மவுஸ்தான் வேண்டும்.

நானும் மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போனோம். அந்த உருண்டை மவுஸ்கள் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில், அறுந்த ஒயர்களோடு கிடந்தன.

“அது வேண்டாம்மா” என்றார் கடைக்காரர். “வாங்கினவங்கள்ல பாதிப் பேரு திரும்ப வந்து சண்டை போடுறாங்க. மேல கீழதான் போகுதாம்.”

“வேலை செய்யாத சாமானுக்கு எதுக்குய்யா விலை?” என்று நான் ஆரம்பித்தேன்.

“இல்லைங்க, நல்லா வேலை செய்யும்” என்றார் என் மாப்பிள்ளை. நான் அவர் காலை மிதித்தேன். “கர்னல்ல ஒரு ஒட்டு போடணும், அவ்வளவுதான். மவுஸ் மேல...” இன்னும் பலமாக மிதித்தேன். “...ஒரு தப்பும் இல்ல. நான் வேணா வந்து எப்படின்னு காட்டுறேன்.”

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், பாவம் என்கிற மாதிரி. “நீங்க நல்லா இருங்க தம்பி. எனக்கு அந்த இடம் காலியானா போதும். கூடையோட எடுத்துட்டுப் போங்க.”

“கூடையுமா? எவ்வளவு?” என்றேன்.

ஐந்து மவுஸும், கூடையும் சேர்த்து, ஒரு சைக்கிள் டியூப் விலை.